ஸ்பானர் வைக்காமல் திறந்து நின்ற புத்தகம்

சென்ற மாதம் ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "புத்தக பைண்டிங் பிரிவுக்கு ஆண், பெண் ஆட்கள் தேவை. இரண்டு ஷிப்ட். சாப்பாடு, கம்பெனி பஸ் உண்டு." கீழே இருந்தது நான் இருபத்தாறு வருடம் வேலை செய்த அச்சுத் தொழிற்சாலையின் பெயர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இரண்டு பெண்கள் என் பின்னால் நின்று அதையே படித்தார்கள்.

"இன்னாடி இது, புக்கு கம்பெனிக்கி ஆள் எடுக்கிறாங்க? புக்கு யாரு வாங்குறா இப்ப?"

"அதான? எல்லாம் போன்லயே கீது."

திரும்பி ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர்களுடைய கம்பெனி பஸ் வந்துவிட்டது. வந்திராவிட்டாலும் நின்றபடி சொல்லி முடிக்கிற பதிலில்லை என்னுடையது. ஆகவே எழுதுகிறேன்.

என் பெயர் வசந்தா. ஊர் சேரப்பணஞ்சேரி. அப்பா பயிர் வைத்தவர். எங்கள் வீட்டிலிருந்து தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். பத்தாவது முடித்திருந்தேன். சேர்ந்த புதிதில் பாரம் அடுக்கும் மேஜையில் போட்டார்கள். ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மடித்தால் ஒரு பாரம். பாரங்களை வரிசை மாறாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புத்தகம். ஒன்று மாறினால் கதாநாயகி செத்த பிறகு கல்யாணம் நடக்கும். அதில் நான்கு வருடம், பைண்டிங் மிஷினில் ஒன்பது வருடம். அதற்குப் பிறகு கடைசி வரை தரம் பார்க்கும் வேலை.

மிஷின் செய்வது இதுதான். அடுக்கிய பாரங்களை அது இறுக்கிப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தின் முதுகை நூலளவு சீவும். சீவிய இடத்தைச் சொரசொரப்பாக்கும். சூடான பசையைத் தடவி, அட்டையை ஒட்டி, இரு பக்கமும் அழுத்தும். ஆறியதும் கத்தி மூன்று பக்கமும் வெட்டும். வெளியே வந்து விழுகிற பிரதிகளில் அவ்வப்போது ஒன்றை எடுத்துச் சோதிப்பது என் வேலை. முதலில் நடுவில் விரித்து, ஒரே ஒரு தாளைப் பிடித்து முழுப் புத்தகத்தையும் தூக்க வேண்டும். தாள் கழன்று வரக்கூடாது. பிறகு அதே தாளைக் கிளிப்பில் மாட்டி, தராசு காட்டும் அளவு வரை இழுக்க வேண்டும். பக்க எண், ஓர வெட்டு, அட்டை மடிப்பு எல்லாம் பார்த்து, படிவத்தில் கட்டம் கட்டமாக டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு பண்டல்கூட லாரி ஏறாது.

எங்கள் தொழிற்சாலையில் இரண்டு பிரிவுகள். ஒன்று புத்தகம், மற்றொன்று அட்டைப்பெட்டி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனிகள் வந்ததும் பெட்டிப் பிரிவு வளர்ந்தது. நாங்கள் அடித்த பெட்டிக்குள் உட்கார்ந்து போகிற போன்தான் நாங்கள் கட்டுகிற புத்தகத்தைத் தின்கிறது என்று கேன்டீனில் சொல்லிச் சிரிப்போம். கொஞ்ச நாளில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பரீட்சை கைடு போட்டவர்கள் செல்போன் ஆப்புக்கு மாறினார்கள். நாவல் போட்ட பதிப்பகம் மின்னூல் ஆரம்பித்து, எங்களுக்குக் கொடுத்த வேலையைப் பாதியாக்கியது. காரோடு கொடுக்கிற கையேடு தலையணை மாதிரி இருக்கும். அது ஒரே ஒரு மடிப்புத் தாளாக மெலிந்தது. அதில் ஒரு கறுப்புச் சதுரம். போனில் படம் பிடித்தால் எல்லாம் வந்துவிடுமாம்.

நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது அந்த அறிவிப்பைப் பலகையில் ஒட்டினார்கள். வருடக் கடைசியோடு புத்தகப் பிரிவு நிறுத்தப்படும். ஆட்கள் பெட்டிப் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள், விருப்பமில்லாதவர்கள் எச்.ஆரைப் பார்க்கலாம். நாங்கள் முப்பத்தொரு பேர் இருந்தோம். பெட்டிப் பிரிவில் கனம் தூக்க வேண்டும். என் வயதுக்கும் முழங்காலுக்கும் அங்கே இடமில்லை என்று எச்.ஆருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு மிஷினை நிறுத்தும்போது ஆபரேட்டர் தணிகைவேல் என்னைப் பார்க்காமல், "நம்மள மாதிரியே இதுக்கும் வயசாயிட்ட மாதிரி கீதுக்கா" என்று மிஷினைக் காட்டிச் சொன்னார்.

அப்போது எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் லீமா மேடம். நாகர்கோவில்காரர். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவருடைய சுபாவத்தால் நடந்தது.

யாரையும் கேபினுக்குக் கூப்பிட மாட்டார். தப்பு எங்கே நடந்ததோ அந்த மிஷினுக்கே வந்து நிற்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எப்ப இருந்து?" யார் செய்தது என்று கேட்க மாட்டார். எப்போதிலிருந்து என்று தெரிந்தால் அன்றைக்கு என்ன மாறியது என்று தெரியும், என்ன மாறியது என்று தெரிந்தால் மற்றது தானாக வரும் என்பார். கெட்டுப்போன பிரதியைக் குப்பையில் போட விடமாட்டார். அவருடைய மேஜைக்குப் பின்னால் ஒரு இரும்பு அலமாரி முழுக்கக் கெட்ட புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் என்ன கெட்டது என்று ஒரு சீட்டு. வேறு மேனேஜர்கள் வாங்கிய கேடயத்தை வைக்கிற இடம் அது. தெரியாததைத் தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்வார். அந்த ஒரு குணத்துக்காகவே நாங்கள் அவரிடம் எதையும் மறைத்ததில்லை. நான் ஒரே ஒரு முறை மறைத்தேன்.

அறிவிப்பு ஒட்டி இரண்டு வாரம் இருக்கும். ஒரு சாக்கு வந்து இறங்கியது. லாரி தயாரிக்கும் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் தமிழில் சர்வீஸ் கையேடு போட்டுக் கொடுத்தோம். மெக்கானிக்குகள் பட்டறையில் வைத்துப் பார்க்கிற கனமான புத்தகம். எங்களிடம் மிச்சமிருந்த பெரிய வேலை அது ஒன்றுதான். சாக்குக்குள் இருந்தவை அந்தப் புத்தகங்கள். முதுகு பிளந்து, பக்கங்கள் தனித்தனியாகக் கழன்று, கிரீஸ் அப்பிக் கிடந்தன. கூடவே ஒரு கடிதம். புத்தகம் பட்டறைக்குத் தாங்கவில்லை. அடுத்த பதிப்பு டேப்லெட்டில் மட்டும் வரும் என்று எழுதியிருந்தார்கள்.

லீமா மேடம் சாக்கைப் பிரித்து எல்லாவற்றையும் நீள மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"எப்ப இருந்துக்கா?"

"இந்த வருசத்து பதிப்பு மட்டும்தான் மேடம். போன வருசத்துது ஒண்ணுகூட இல்ல."

பசையின் சூட்டைக் குறித்த நோட்டைப் பார்த்தோம். சரியாக இருந்தது. எங்களிடமிருந்த புதுப் பிரதியில் ஒரு தாளை இழுத்துப் பார்த்தோம். கெட்டியாக இருந்தது. பிறகு ஏன் பிளக்கிறது?

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அந்தக் கிழிந்த புத்தகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. எல்லாப் புத்தகமும் இரண்டே இடத்தில் பிளந்திருந்தது. ஒன்று கிளட்ச் அத்தியாயம், ஒன்று பிரேக். அந்தப் பக்கங்களில் நீளவாக்கில் ஒரு கிரீஸ் தடம். பல புத்தகங்களில் ஒரே வடிவம், ஒரு கரண்டி படுத்திருந்த மாதிரி.

"மேடம், இது மேல இன்னாத்தையோ வெச்சிருக்காங்க."

அவர் குனிந்து பார்த்தார். "தெரியலக்கா. போய்ப் பாத்துருவோம், வாங்க" என்றார். அரை மணி நேரத்தில் கம்பெனி ஜீப்பில் வாலாஜாபாத் சாலையில் இருந்தோம். இருபத்து மூன்று வருடமாகப் புத்தகம் கட்டிய நான், அதை யாராவது படிப்பதைப் பார்க்கப் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

புத்தகங்களைத் திருப்பி அனுப்பிய லாரிப் பட்டறையின் தலைமை மெக்கானிக் ஏழுமலை. ஐம்பது வயது இருக்கும். முழங்கை வரை கறுப்பு.

"இன்னாம்மா, இந்த பொஸ்தகம் போடறவங்க நீங்கதானா?"

"ஆமாங்க."

"நல்லா மாட்டினீங்க. வாங்க காட்டறேன்."

ஒரு புதுப் பிரதியை எடுத்து கிளட்ச் பக்கத்தை விரித்து மேஜையில் வைத்துக் கையை எடுத்தார். பட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி விரித்தார். மறுபடி மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா? நான் கிளட்ச்ச புடிக்கறதா, இத புடிக்கறதா? அதான் இத வெக்கறது." பெரிய ஸ்பானர் ஒன்றை எடுத்து விரித்த பக்கத்தின் மேல் வைத்தார். முதுகிலிருந்து நெரிபடுகிற சத்தம் வந்தது. "ரெண்டு நாளு. அப்பால ஒவ்வொரு பக்கமா வந்துரும்."

"டேப்லெட் குடுத்துருக்காங்கல்லா?" என்று லீமா மேடம் கேட்டார்.

"குடுத்துக்கீறாங்க. தோ மாட்டிக்கினு கீது." சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கியது. "நல்ல பொருளு மேடம், பொய் சொல்லக்கூடாது. எந்த பார்ட்டு எங்க கீதுன்னு டக்குனு காட்டும். ஆனா வண்டிக்கி அடியில படுத்துக்கினு கீறப்போ பொசுக்குனு அணைஞ்சு போவுது. கிரீஸ் கையால தொட்டா கண்டுக்கவே மாட்டேங்குது. நாலு பேரு சுத்தி நின்னு படத்த பாக்கணும்னா யாருக்கும் தெரியாது."

"புத்தகம் ஒழுங்கா நின்னா?" என்றார் மேடம்.

"நின்னா நான் ஏன் கைய கழுவிக்கினு அதுகிட்ட ஓடறேன்?"

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் புத்தகம் பட்டென்று மூடிய சத்தம் காதிலேயே இருந்தது. நான் முன்பே கேட்ட சத்தம். தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் நேராகப் போய் அந்தக் கையேட்டின் ஒரு பக்கத்திலிருந்து சதுரமாக ஒரு துண்டு வெட்டி, தண்ணீரின் மேல் மிதக்க விட்டேன். பேப்பருக்குத் துணி மாதிரி இழை உண்டு. ஒரு பக்கம் மட்டும் நனைந்தால், இழை எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் குழலாகச் சுருண்டுகொள்ளும். புத்தகத்தில் அந்தக் குழல் முதுகோடு சேர்ந்து, மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். அப்போதுதான் பக்கம் வளைந்து கொடுக்கும், விரித்தால் விரிந்து நிற்கும். என் துண்டு குறுக்கே சுருண்டது. இழை குறுக்காக ஓடியது. வழக்கமான அளவுத் தாள் கிடைக்காமல் அந்த வருடம் வேறு அளவு வாங்கியிருந்தார்கள். அதில் பக்கங்களை அடுக்கும்போது திசை மாறிவிட்டது.

சோதனைப் படிவத்தைத் தேடி எடுத்தேன். முதல் பிரதி, எல்லாக் கட்டத்திலும் டிக், கீழே என் கையெழுத்து. எடுத்துக்கொண்டு லீமா மேடத்திடம் போனேன்.

"மேடம், இது என்னோட கையெழுத்து."

வாங்கிப் பார்த்தார். சுருண்ட பேப்பர் துண்டையும் பார்த்தார்.

"அன்னைக்கே தெரிஞ்சிதாக்கா?"

"வெறைப்பா இருந்துச்சி மேடம். விரிச்சா மூடிக்கினு இருந்துச்சி. கையில பட்டுச்சி."

"ஏன் எழுதல?"

"எழுத எடமில்ல. அந்த பேப்பர்ல அதுக்கு கட்டமே இல்ல. பசை புடிச்சிருந்துச்சி, கையெழுத்து போட்டுட்டேன். சாக்கு வந்தன்னிக்காவது சொல்லியிருக்கணும். பயந்துக்கினு வுட்டுட்டேன்."

முப்பத்தொரு பேருடைய சோறு அந்தக் கையெழுத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் பேனாவை எடுத்து, படிவத்தில் கடைசிக் கட்டத்துக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் வரைந்தார். பக்கத்தில் 'விரித்து வைத்தால் நிற்கிறதா?' என்று எழுதினார்.

"இப்ப எடம் இருக்குக்கா" என்றார்.

திட்டியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

மறுநாள் ஜி.எம். அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஜி.எம். கெட்டவர் இல்லை, கணக்காகப் பேசுகிறவர்.

"லீமா, மூடப்போற கடைக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்றீங்க."

"மூடுறது உங்க இஷ்டம் சார். ஆனா புத்தகம் தாங்காதுன்னு அவங்க எழுதிருக்காங்க. தாங்காதது நாம செஞ்ச தப்பு. தப்பான புத்தகத்த வச்சி புத்தகத்துக்கே தீர்ப்பு சொல்லக்கூடாதுல்லா? அறுபது பிரதி போட விடுங்க. ஒரு மாசம் அந்தப் பட்டறையில டேப்லெட் பக்கத்துலயே கிடக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்."

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"இந்த தடவ நின்னாதான் சார் கையெழுத்து போடுவேன்" என்றேன்.

"அறுபது. ஒரு மாசம். அதுவரைக்கும் நோட்டீஸ் பலகையிலதான் இருக்கும்" என்றார்.

தாளைத் திருப்பினால் பாதிக் குறை தீரும். மீதிக்குப் பசையை மாற்ற வேண்டும் என்று லீமா மேடம் முடிவு செய்தார். நாங்கள் வழக்கமாகப் போடும் பசை சூட்டில் இளகும், குளிரில் நொறுங்கும், எண்ணெய் பட்டால் விட்டுவிடும். பி.யூ.ஆர். என்று இன்னொரு பசை உண்டு. மெல்லிசாகத் தடவினால் போதும். ரப்பர் மாதிரி வளையும். அதற்கான தொட்டி எங்களிடமே ஒன்று மூலையில் கிடந்தது. காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துத்தான் அந்தப் பசை இறுகும். வாங்கிய புதிதில் யாரோ வேலை முடிந்து துடைக்காமல் போய்விட, தொட்டிக்குள்ளேயே கல்லாகிவிட்டது. அதிலிருந்து யாரும் தொட்டதில்லை. தணிகைவேல் மூன்று நாள் அதன் முன்னால் உட்கார்ந்து சுரண்டினார். மூன்றாம் நாள் மாலை, தொட்டிக்குள் தன் முகம் தெரிகிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அறுபது புத்தகமும் ஒரு காலையில் முடிந்தன. ஆனால் அந்தப் பசை இறுக ஒரு முழு நாள் ஆகும். அதுவரை யாரும் தொடக்கூடாது. லீமா மேடம் புத்தகங்களை மேஜையில் அடுக்கி, சுற்றிக் கயிறு கட்டி, 'நாளை பதினொரு மணி வரை தொடாதீர்கள்' என்று எழுதி மாட்டினார். அன்றைக்கு அவரே ஏழெட்டு முறை அந்த மேஜையைச் சுற்றி வந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு முப்பத்தொரு பேரும் மேஜையைச் சுற்றி நின்றோம். ஒன்றை எடுத்து நடுவில் விரித்து, ஒரு தாளைப் பிடித்துத் தூக்கினேன். தூங்குகிற குழந்தை மாதிரி முழுப் புத்தகமும் வந்தது. தாளைக் கிளிப்பில் மாட்டி இழுத்தேன். தராசின் முள் வழக்கமான அளவைத் தாண்டியது. நிறுத்தவில்லை, இன்னும் இழுத்தேன். படாரென்று ஒரு சத்தம். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தாள் நடுவில் கிழிந்திருந்தது. பசை விடவில்லை. பேப்பர் கிழிந்தாலும் கட்டு விடவில்லை!

தணிகைவேல் கையைத் தட்டப் போனார். "இருங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு பிரதியை எடுத்து, கிளட்ச் பக்கத்தை விரித்து, மேஜையில் வைத்துக் கையை எடுத்தேன். நின்றது. நம்பாமல் அங்கிருந்து நகர்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அப்படியே விரிந்து கிடந்தது. புதுக் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். என் வேலைக்காலத்தில் போட்ட கையெழுத்துகளில் எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது அதுதான்.

ஒரு மாதம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்.

முடிந்த அன்று லாரிக் கம்பெனியின் பர்ச்சேஸ் அதிகாரியோடு பட்டறைக்குப் போனோம். இளம் வயதுக்காரர், கோட் போடாவிட்டாலும் போட்டது போலவே நிற்பார். கையில் டேப்லெட். எத்தனை முறை எதைப் பயன்படுத்தினார்கள் என்று அதில் குறித்துக்கொள்ளத் தயாராக வந்திருந்தார். மேஜையில் எங்கள் புத்தகம் பிரேக் பக்கத்தில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஸ்பானர் இருந்தது. புத்தகத்தின் மேல் இல்லை.

அவர் கைக்குட்டையால் ஓரத்தைப் பிடித்துப் பக்கங்களைப் புரட்டினார். அழுக்காக இருந்தது, ஒரு பக்கம்கூடக் கழலவில்லை. நான்கைந்து பக்கம் புரட்டியவர் நின்றுவிட்டார். ஓரமெல்லாம் பென்சிலில் எழுதியிருந்தார்கள். பல கையெழுத்துகள். 'இந்த போல்ட்டுக்கு மரை எதிர்ப்பக்கம். வழக்கமா திருப்பினா ஒடையும்.' 'மழைக்காலத்துல இங்க தண்ணி நிக்கும். முதல்ல இத பார்.' 'படத்துல இருக்கறது பழைய மாடல், புதுசுல இந்த ஓட்டை இடது பக்கம்.'

"இதெல்லாம் யார் எழுதினது?"

"நாங்கதான் சார்" என்றார் ஏழுமலை. "ஒரு ஷிப்ட்டுக்காரன் கண்டுபுடிச்சத அடுத்த ஷிப்ட்டுக்காரன் படிச்சிக்கறான்."

அதிகாரி கைக்குட்டையை பாக்கெட்டில் வைத்துவிட்டு வெறும் கையால் புரட்ட ஆரம்பித்தார். ஒரு இடத்தில் போனை எடுத்து, ஆங்கிலத்தில், அவர்களுடைய வடிவமைப்புப் பிரிவில் யாரையோ கூப்பிட்டு, அந்த மரை விஷயம் நிஜமா என்று கேட்டார். நிஜம்தான்.

"டேப்லெட் வேணாமா உங்களுக்கு?"

"ஏன் வேணாம்? தேடறதுக்கு அது, வேல செய்யறதுக்கு இது. ரெண்டும் இருக்கட்டுமே சார், ரெண்டு கை கீதுல்ல?"

"சரி, இந்தக் காப்பியை நான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று அதிகாரி புத்தகத்தை மூடினார்.

ஏழுமலை அதன் மேல் கையை வைத்தார். மரியாதையாகத்தான், ஆனால் அழுத்தி வைத்தார்.

"மன்னிச்சிக்கோங்க சார். இத தர மாட்டேன். ஒங்களுக்கு வேணும்னா தோ நிக்கறாங்களே, அவங்ககிட்ட அச்சடிச்சி வாங்கிக்கோங்க."

லீமா மேடம் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

அதிகாரி நியாயஸ்தர். பக்கங்களைத் தன் டேப்லெட்டில் படம் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஆர்டர் வந்தது. தமிழோடு நிற்காமல் இந்தியிலும் தெலுங்கிலும் கேட்டிருந்தார்கள். ஓரத்தில் எழுதுவதற்கு அகலமாக இடம் விட வேண்டும் என்று தனியாக ஒரு வரி இருந்தது. ஜி.எம். தன் கையாலேயே பலகையிலிருந்து அந்த நோட்டீஸைக் கிழித்து எடுத்தார். தூக்கிப்போடப் போனவரிடம் லீமா மேடம் அதை வாங்கி, ஒரு சீட்டு ஒட்டி, கெட்ட புத்தகங்களின் அலமாரியில் சேர்த்துவிட்டார்.

விரித்தால் நிற்கும் புத்தகம் எங்களிடம் கிடைக்கிறது என்று தெரிந்ததும் வேலை வர ஆரம்பித்தது. மாவுக் கையோடு பார்க்கிற சமையல் புத்தகம், மடியில் வைத்து வாசிக்கிற பாட்டு நோட்டு, பெரிய எழுத்துப் புத்தகம், குழந்தைகளின் படக்கதை. விட்டுப்போன பதிப்பகம்கூட, மின்னூலாகப் படித்தவர்களே அதே நாவலை அச்சில் கேட்கிறார்கள் என்று திரும்பி வந்தது. தேடிப் பிடிக்கவும் உடனே வாங்கவும் போன் போல எதுவும் வராது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றோடு கூடவே இருந்து, பென்சிலால் பேசி, அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் ஆட்கள் அச்சுக்கு வருகிறார்கள். வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நான் ஓய்வு பெறும் வாரத்தில், சென்னையிலிருந்து மின்னூல் மட்டுமே வெளியிட்டு வந்த ஒரு சிறிய பதிப்பகத்தார் முதன்முறையாக ஒரு அச்சுப் புத்தகம் போட வந்தார்கள். கூடவே அதை எழுதியவரும் வந்தார். பெயர் சேகர். வேறொரு கம்பெனியின் பஸ் டிரைவர். ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, அடுத்த ஷிப்ட் முடியும் வரை பஸ்ஸிலேயே காத்திருக்கும் நேரத்தில் போனில் கதை எழுதுகிறவர். மின்னூலாக அவருடைய கதைகளை எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் படித்துக் கடிதம் போடுகிறார்களாம். அவர் கையில் அது புத்தகமாக வந்ததில்லை.

முதல் பிரதியைச் சோதித்து முடித்து அவரிடம் நீட்டினேன். காக்கிச் சட்டையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். முன்னட்டை, பின்னட்டை, முதுகில் இருந்த தன் பெயர் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இத்தினி பேர் படிச்சாங்க. ஒருத்தருக்கும் நான் கையெழுத்து போட்டு குடுத்ததில்ல. எங்க போடறது போன்ல?" சிரித்தார். "இதுல எந்த எடத்துல போடணும்?"

அட்டைக்கு அடுத்த வெற்றுப் பக்கத்தைக் காட்டி, என் பேனாவைக் கொடுத்தேன்.

"உங்க பேர் இன்னாக்கா?"

"எனக்கு எதுக்குப்பா? நான் தரம் பாக்கறவ."

"அதான் கேக்கறேன். சொல்லுங்க."

சொன்னேன். 'வசந்தா அக்காவுக்கு, என் முதல் கையெழுத்து' என்று எழுதி, கீழே தன் பெயரை நிதானமாகப் போட்டார். முதல் பிரதி ஆபீஸ் அலமாரிக்குப் போக வேண்டும் என்பது விதி. நான் லீமா மேடத்தைப் பார்த்தேன்.

"ரெண்டாவது பிரதிய முதல் பிரதின்னு எழுதிக்கிடுவோம்க்கா" என்றார்.

அந்தப் புத்தகத்தை நான் வீட்டில் ஒரு மாதம்கூட முழுதாக வைத்திருந்ததில்லை. முதலில் என் மருமகள் படித்தாள். பிறகு அவளோடு வேலை செய்கிறவள். பிறகு எதிர் வீடு. பிறகு படப்பையில் ஒரு டீச்சர். நான்கு வருடத்தில் பதினேழு பேர் வாங்கிப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டாவது ஆள் இன்னும் கொடுக்கவில்லை. நேற்று வழியில் பார்த்துக் கேட்டேன்.

"எங்க மாமியார் படிச்சிக்கினு இருக்காங்க, வசந்தாக்கா. முடிச்சதும் எங்க அக்கா கேட்டுக்கீது. அப்பால தரேன்."

தரட்டும். அவசரமில்லை.